ஒரு பக்கத் தாடை வலி: வலிக்கும் இடமும் கோளாறு உள்ள இடமும்

தாடை வலி என்று வருபவரிடம் அனுபவமுள்ள பல் மருத்துவர் எடுத்தவுடன் வாயைத் திறக்கச் சொல்வதில்லை. "எங்கே வலிக்கிறது, காட்டுங்கள்" என்கிறார். காட்டும்போது கை எப்படிப் போகிறது என்று கவனிக்கிறார். ஒற்றை விரலை நீட்டி ஒரு பல்லைத் தொட்டால் அநேகமாகப் பல், இல்லையென்றால் ஈறு. உள்ளங்கையை விரித்துக் கன்னத்தை அப்படியே ஏந்திக்கொண்டால் தசையாக இருக்கலாம். காதுக்கு முன்னால் ஒரு புள்ளியை அழுத்திக் காட்டினால் மூட்டு. "மின்னல் மாதிரி இப்படி ஓடுது" என்று காதிலிருந்து முகவாய் வரை கோடு இழுத்தால் நரம்பு. தொடவே பயந்து, விரலைக் கன்னத்துக்கு ஓர் அங்குலம் முன்னாலேயே நிறுத்திக்கொள்பவருக்கும் பெரும்பாலும் நரம்புதான். இவையெல்லாம் துப்புகள் மட்டுமே. இவற்றை வைத்துக்கொண்டு யாரும் சிகிச்சை தொடங்குவதில்லை. ஆனால் எக்ஸ்ரேயில் தெரியாத சில விஷயங்கள் அந்தக் கை அசைவில் தெரிந்துவிடும்.

ஒரு பக்கத் தாடை வலியில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த தவறு ஒன்று உண்டு. எங்கே வலிக்கிறது என்று மட்டும் கேட்டுவிட்டு அங்கேயே வேலையை ஆரம்பித்துவிடுவது. எப்போது வலிக்கிறது, எதைச் செய்தால் கூடுகிறது, எதைச் செய்தால் அடங்குகிறது என்ற கேள்விகளுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தால் எத்தனையோ பற்கள் பிடுங்கப்படாமல் பிழைத்திருக்கும்.

இடம் ஏன் ஏமாற்றுகிறது? முகத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் முக்கிளை நரம்பு என்ற ஒரே பெரிய நரம்புதான் உணர்ச்சியைச் சுமக்கிறது. நெற்றிக்கு ஒரு கிளை, கன்னத்துக்கும் மேல்தாடைக்கும் ஒரு கிளை, கீழ்த்தாடைக்கு ஒரு கிளை. பல், ஈறு, சைனஸ் அறை, தாடை மூட்டு, மெல்லும் தசை, காதின் முன்பகுதி என எல்லாவற்றின் செய்தியும் இதன் வழியாகவே மூளைத்தண்டுக்குப் போகிறது. அங்கே பல இடங்களிலிருந்து வரும் இழைகள் ஒரே நரம்பணுவில் வந்து சேர்கின்றன. அதனால் கீழ்க் கடவாய்ப் பல்லின் வலி காதில் தெரியும். கன்னத் தசையின் வலி மேல் பல்லில் தெரியும். மேல் பல்லா கீழ் பல்லா என்றுகூடச் சிலரால் சொல்ல முடியாது. அதே சமயம் முகத்தின் நடுக்கோட்டை இந்த வலி பொதுவாகத் தாண்டுவதில்லை. வலது தாடை வலிக்கிறது என்றால் காரணமும் வலது பக்கத்தில்தான் இருக்கும் என்று பெரும்பாலும் நம்பலாம். இந்த விதிக்கு அடங்காத முக்கியமான உறுப்பு ஒன்று இருக்கிறது. இதயம்.

காத்திருக்கக் கூடாதவை

மற்றதைப் படிக்கும் முன் இந்தப் பகுதியைப் படித்துவிடுங்கள். இதில் உள்ளவை குறைவானவர்களுக்கே வரும். வந்தால் நாள் கணக்கில் தள்ளிப்போட முடியாது.

இதயத்திலிருந்து வரும் வலிச் செய்தியும் கழுத்து, தாடையிலிருந்து வரும் செய்தியும் நரம்பு மண்டலத்தில் அருகருகே வந்து சேர்வதால், இதயத்துக்கு ரத்தம் போதாமல் போகும்போது சிலருக்குத் தாடைதான் வலிக்கிறது. மாடிப்படி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ தாடை கனத்து வலித்து, நின்று இளைப்பாறினால் சில நிமிடங்களில் அடங்குகிறதா? மென்றாலும் பேசினாலும் எந்த மாற்றமும் இல்லையா? அப்படியானால் பல் மருத்துவரிடம் போவதற்கு முன் இதயத்தைப் பார்க்க வேண்டும். ஓய்வில் இருக்கும்போதே திடீரெனத் தாடை வலி வந்து, கூடவே வியர்த்துக் கொட்டுவது, மூச்சு வாங்குவது, குமட்டல், நெஞ்சில் அழுத்தம் இவற்றில் ஏதாவது இருந்தால் உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். பெண்களுக்கும் முதியவர்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் இப்படி வருவதுண்டு. இடது பக்கம்தான் வலிக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

அடுத்தது, 50 வயதைத் தாண்டியவர்களுக்கு வரும் ஒரு ரத்தக்குழாய் அழற்சி. நெற்றிப்பொட்டில் ஓடும் தமனியும் அதன் கிளைகளும் வீங்கிக் குறுகிவிடும். மெல்லும் தசைக்கு ரத்தம் போதாமல், சாப்பிட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் தாடை சோர்ந்து வலிக்கும். நிறுத்தினால் விடும், மறுபடி மென்றால் மறுபடி வலிக்கும். கூடவே புதிதாக ஒரு பக்கத் தலைவலி, சீப்பு பட்டால் உச்சந்தோல் வலிப்பது, எடை குறைவது, லேசான காய்ச்சல். இதை அலட்சியப்படுத்தினால் கண் பார்வை போய்விடும், போனது திரும்ப வராது. சந்தேகம் வந்தாலே, திசுப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடங்கிவிடுவார்கள். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரண்டு சாதாரண ரத்தப் பரிசோதனைகள் பெரிய துப்பு தரும். தாடை வலியோடு பார்வை மங்கல், இரட்டையாகத் தெரிவது என்று ஏதாவது சேர்ந்தால் அது அன்றைக்கே பார்க்க வேண்டிய விஷயம்.

பல்லில் தொடங்கிய சீழ் சில சமயம் தாடைக்கு அடியில் இறங்கிவிடும். வாயின் அடித்தளம் கல் போல இறுகி, நாக்கு மேலே தூக்கிக்கொண்டு, விழுங்க முடியாமல் எச்சில் வழியும். குரல் மாறும். 1836-இல் லுட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை விவரித்ததால் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. மூச்சுக்குழாயே அடைபட்டுப் போகும் ஆபத்து என்பதால் நேராக அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும்.

கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்தாலும் ஒரு பக்கக் கழுத்து, தாடை, முகம் வலிக்கும். அந்தப் பக்கத்து இமை தொங்கிக் கண்மணி சிறுத்திருந்தால் இந்தச் சந்தேகம் வலுக்கும். பக்கவாதத்துக்கு இது முன்னோட்டமாக இருக்கலாம். அடிபட்ட பிறகு பற்கள் பழையபடி பொருந்தவில்லை என்றாலோ கீழுதடு மரத்திருந்தாலோ எலும்பு முறிந்திருக்கலாம்.

இவ்வளவு அவசரம் இல்லாவிட்டாலும் தள்ளிப்போடக் கூடாத இன்னொன்று புற்றுநோய். மூன்று வாரமாக ஆறாத வாய்ப்புண், காரணமில்லாமல் ஆடும் பல், முகவாயில் மரத்த உணர்வு, கழுத்தில் கட்டி, காதில் எந்தக் கோளாறும் இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் விடாத காது வலி, நாளுக்கு நாள் குறைந்துவரும் வாய்த் திறப்பு. புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் இவற்றில் எதையும் "பல் வலிதான்" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது.

பல்லாக இருந்தால்

அதிகம் பேருக்குக் காரணம் பல்தான். ஆகவே அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வலியின் நடத்தையை வைத்தே பாதி தூரம் வந்துவிடலாம். குளிர்ந்த நீர் பட்டவுடன் சுருக்கென்று கூசி, நீரை விழுங்கியதும் போய்விட்டால் பற்கூழ், அதாவது பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள மென்திசு, இன்னும் பிழைத்திருக்கிறது. சொத்தையை அடைத்தால் போதும். சூடோ குளிரோ பட்ட பிறகு வலி நிமிடக்கணக்கில் நின்று துடித்தால், இரவில் படுத்தவுடன் கூடினால், பற்கூழ் மீள முடியாத நிலைக்குப் போயிருக்கிறது. அதற்கு வேர் சிகிச்சை வேண்டும், அல்லது பல்லை எடுக்க வேண்டும். அந்த வலிக்கு ஆன்டிபயாடிக் மாத்திரையால் பயனில்லை. பலர் அதைத்தான் முதலில் விழுங்குகிறார்கள். பல்லுக்குள் அழற்சியால் அழுத்தம் ஏறிக் கிடக்கும் கூழை மாத்திரை ஆற்றாது. காய்ச்சல், பரவும் வீக்கம் என்று தொற்று வெளியே வந்துவிட்ட அடையாளம் இருந்தால்தான் அதற்கு வேலை.

விரிசல் விட்ட பல் கண்ணாமூச்சி ஆடும். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. கடினமான ஏதோ ஒன்றைக் கடித்துவிட்டு, அழுத்தத்தை விடும் அந்த நொடியில் சுரீர் என்று குத்தும். கடிக்கும்போது வலித்ததா, விடும்போது வலித்ததா என்று கவனித்துச் சொல்லுங்கள், மருத்துவருக்குப் பெரிய உதவி. ஞானப்பல் பாதி முளைத்து ஈறு மூடியிருந்தால் அந்த மடிப்புக்குள் கிருமி தங்கி, ஈறு வீங்கி, வாயைத் திறக்கவே முடியாமல் போகும். பல் பிடுங்கி இரண்டு மூன்று நாளில் குறைந்துவந்த வலி திடீரெனக் கூடிக் காது வரை போனால், குழியில் இருக்க வேண்டிய ரத்தக்கட்டி கழன்று எலும்பு வெளியே தெரிகிறது என்று பொருள். பல் மருத்துவர் குழியைக் கழுவி மருந்து வைத்தால் ஆறும்.

எந்தப் பல் என்று தெரியாமல் குழம்பும்போது எளிமையான ஒரு சோதனை இருக்கிறது. சந்தேகப்படும் பல்லை மட்டும் ஊசி போட்டு மரக்கச் செய்வது. பல் மரத்த பிறகும் வலி அப்படியே இருந்தால் அந்தப் பல்மேல் இருக்கும் சந்தேகம் வெகுவாகக் குறைகிறது. பல் எந்தத் தப்பும் செய்யவில்லை என்று எக்ஸ்ரே சொல்லியும் பிடுங்கிவிடச் சொல்லத் தோன்றினால், முதலில் இந்தச் சோதனையைக் கேட்டுப் பெறுங்கள்.

மூட்டும் தசையும்

இரண்டு கைகளின் ஆள்காட்டி விரல்களையும் காதுத் துளைக்குச் சற்று முன்னால் வைத்துக்கொண்டு வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள். விரலுக்கு அடியில் ஒரு குமிழ் நகர்வது தெரியும். அதுதான் கீழ்த்தாடை எலும்பின் தலை. இன்னும் துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் சுண்டு விரலைக் காதுத் துளைக்குள் லேசாக வைத்து முன்பக்கம் அழுத்தியபடி வாயை மூடிப் பாருங்கள், எலும்பு வந்து விரலில் இடிக்கும். மூட்டுக்குப் பின்சுவரும் காதுக்கு முன்சுவரும் அவ்வளவு நெருக்கம். மூட்டு வலிக்காரர்கள் பலர் காது வலி என்று காதுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருப்பதற்கு இந்த நெருக்கம்தான் காரணம்.

மற்ற சில மூட்டுகளைப் போல இது வெறும் கீல் இல்லை. வாய் திறக்கத் தொடங்கும்போது எலும்புத் தலை இருந்த இடத்திலேயே சுழலும். ஏறக்குறைய 20, 25 மில்லிமீட்டருக்கு மேல் திறக்கும்போது குழியை விட்டு முன்னால் வழுக்கி இறங்கும். எலும்புக்கும் குழிக்கும் நடுவே ஒரு மெல்லிய தட்டு மெத்தை போலக் கூடவே போய்த் திரும்புகிறது. இந்தத் தட்டின் நடுப்பகுதியில் நரம்பு கிடையாது, வலிக்காது. அதன் பின்னால் இருக்கும் திசுவில் நரம்பும் ரத்தக்குழாயும் நிறைய உண்டு. தட்டு முன்னால் நழுவிவிட்டால் எலும்புத் தலை அந்தத் திசுவின்மேல் போய் உட்காரும், அப்போது வலிக்கும். திறக்கும்போது தட்டு மீண்டும் தன் இடத்துக்கு ஏறும் சத்தம்தான் 'டக்' என்று கேட்கும் அந்த ஓசை. சத்தம் மட்டும் இருந்து வலியும் இல்லை, திறப்பதில் தடையும் இல்லை என்றால் எந்தச் சிகிச்சையும் வேண்டாம். பல பேருக்கு ஆயுள் முழுக்க அப்படியே இருக்கிறது. நெடுநாள் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் ஒருநாள் நின்றுபோய், அன்றையிலிருந்து வாயும் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை என்றால், தட்டு திரும்ப ஏற முடியாமல் வழியில் மாட்டிக்கொண்டது. சாதாரணமாகத் தன் கையின் மூன்று விரல்கள் செங்குத்தாக நுழையும் அளவு, ஏறக்குறைய 40 முதல் 50 மில்லிமீட்டர் வரை வாய் திறக்க வேண்டும். கண்ணாடி முன் நின்று திறந்து பாருங்கள். முகவாய் வலிக்கும் பக்கமாகவே சாய்ந்து போனால் அந்தப் பக்கத்து மூட்டு நகரவில்லை.

மூட்டைவிடத் தசைதான் அதிகம் வலிக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கன்னத்தில் கை வைத்துப் பல்லைக் கடியுங்கள், புடைத்தெழுகிறதே, அதுதான் முக்கிய மெல்லும் தசை. நெற்றிப்பொட்டில் விசிறி போல் விரிந்திருப்பது இன்னொன்று. இவை சாப்பிடவும் பேசவும் அவ்வப்போது இயங்கி, மீதி நேரம் ஓய்வாக இருக்க வேண்டியவை. ஓய்வில் இருக்கும்போது மேல் பல்லும் கீழ் பல்லும் தொடக் கூடாது, நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். இதைச் சொன்னால் பலர் திகைத்துப்போகிறார்கள். வாயை மூடினால் பல்லும் சேர்ந்திருக்க வேண்டும் என்றே நினைத்திருக்கிறார்கள்.

கஷ்டத்தைத் தாங்குவதற்கு நம் மொழியில் என்ன சொல்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டேன் என்கிறோம். உடம்பு அதை அப்படியே செய்கிறது. பரீட்சை, கடன், வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாத நாட்கள், கண் கொட்டாமல் செய்யும் நுணுக்கமான வேலை எல்லாவற்றிலும் தாடை இறுகுகிறது. சிலர் தூக்கத்தில் நறநறவென்று கடிக்கிறார்கள், காலையில் எழும்போதே கன்னம் கனத்திருக்கும். பகலில் இறுக்குபவர்களுக்கு மாலையில் வலி ஏறும். காலையில் அதிகமா மாலையில் அதிகமா என்ற ஒரே கேள்வி இந்த இரண்டையும் ஓரளவு பிரித்துவிடும்.

எனக்கே இது வந்தது. இடது காதுக்குக் கீழே மந்தமான வலி. இரண்டு வாரம் காதுக்குச் சொட்டு மருந்து விட்டேன். காதைப் பார்த்தவர் காது சுத்தமாக இருக்கிறது என்றார். பிறகு பார்த்த பல் மருத்துவர் எக்ஸ்ரேயை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு விரலால் என் கன்னத்துத் தசையின் நடுவில் ஓர் இடத்தை அழுத்திப் பிடித்தார். ஐந்து நொடியில் அந்த வலி காதுக்குக் கீழே அப்படியே வந்து நின்றது. "உங்களுக்கு வழக்கமாக வருகிற வலி இதுதானா?" என்று கேட்டார். அதேதான். தாடை மூட்டு, தசைக் கோளாறுகளுக்காக 2014-இல் வெளியான சர்வதேச நோயறிதல் விதிமுறைகளில் இந்தக் கேள்வி ஒரு தூண் என்பதை நான் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அழுத்தினால் வலிக்கிறதா என்பது போதாது, யாருக்கும் அழுத்தினால் வலிக்கும். தான் அனுபவிக்கும் அதே வலி திரும்ப வருகிறதா என்பதுதான் கணக்கு. அன்று வீட்டுக்கு வந்து தட்டச்சு செய்ய உட்கார்ந்தவன், பத்து நிமிடம் கழித்து என் பற்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தேன். பூட்டுப் போட்டதுபோல் இறுகியிருந்தன.

மூட்டா தசையா என்று ஓரளவு பிரித்தறிய இன்னொரு வழியும் உண்டு. வலிக்கும் பக்கத்துக் கடவாயில் ஒரு மரக்குச்சியை வைத்து மெதுவாகக் கடித்தால் தசை வலி கூடும். மூட்டு வலியோ பெரும்பாலும் குறையும், ஏனென்றால் கடிக்கும் பக்கத்து மூட்டைவிட எதிர்ப்பக்கத்து மூட்டின்மேல்தான் சுமை அதிகம் விழுகிறது. வலிக்கிறதே என்று மறுபக்கமே மென்றுகொண்டிருப்பவர்களுக்கு மூட்டு வலி ஆறாமல் இழுத்தடிப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்த வலிக்கு மருத்துவ உலகம் கடந்து வந்த பாதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிலிருந்துதான் இன்றைய எச்சரிக்கை பிறந்தது. 1934-இல் ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் 11 நோயாளிகளை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். கடவாய்ப் பற்கள் போனதால் தாடை அளவுக்கு மீறி மூடி, மூட்டு பின்னால் அழுத்துவதால்தான் காது வலியும் தலைவலியும் வருகின்றன என்பது அவர் வாதம். அந்தக் கருத்தின் செல்வாக்கில், பல் பொருத்தத்தைச் சரிசெய்தால் வலி போய்விடும் என்று பல்லைத் தேய்ப்பதும் முழு வாய்க்கும் உறை போடுவதும் பல பத்தாண்டுகள் நடந்தன. 1980-களில் நழுவிய தட்டை எடுத்துவிட்டு டெஃப்லான் கலந்த செயற்கைத் தட்டைப் பொருத்தினார்கள். அது மூட்டுக்குள் துகள் துகளாக உதிர்ந்து, உடம்பு அந்தத் துகள்களை எதிர்த்து, சுற்றியிருந்த எலும்பையே அரித்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1990-91-இல் எச்சரிக்கை விடுத்து அவற்றைத் திரும்பப் பெற வைத்தது. அதற்குள் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பொருத்தியாகிவிட்டது. வந்த வலியைவிடப் பெரிய வலியோடு அவர்களில் பலர் வாழ வேண்டியிருந்தது.

2023-இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வெளியான நாட்பட்ட தாடை வலிக்கான வழிகாட்டுதல் எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். அது வலுவாகப் பரிந்துரைப்பவை மனநலச் சிகிச்சையின் ஒரு வகையான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, பயிற்சி பெற்றவர் கையால் தாடையை அசைத்துத் தரும் சிகிச்சை, தசையின் முடிச்சுகளை அழுத்தி விடுவிப்பது, மேற்பார்வையோடு செய்யும் தாடைப் பயிற்சி, கூடவே வீட்டுப் பயிற்சியும் நோயைப் பற்றிய விளக்கமும். வலுவாக எதிர்ப்பவற்றில் பல் பொருத்தத்தை நிரந்தரமாக மாற்றிவிடும் பற்கவசங்களும் தட்டை வெட்டியெடுக்கும் அறுவையும் இருக்கின்றன. இரவில் போட்டுக்கொள்ளும் சாதாரணக் கழற்றும் கவசத்தைக்கூட நாட்பட்ட வலிக்கென்று அது உற்சாகமாகப் பரிந்துரைக்கவில்லை. என் கருத்தைக் கேட்டால், பல் தேய்மானத்தைத் தடுக்க அந்தக் கவசம் நல்ல பொருள், வலிக்கு மருந்து என்று அதை நம்பிப் பணம் கொட்ட வேண்டாம். போடுவதானால் எல்லாப் பற்களையும் மூடும்படி செய்துகொள்ளுங்கள். சில பற்களை மட்டும் மூடினால் மற்ற பற்கள் நாளடைவில் நகர்ந்துவிடலாம்.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது, விடாமல் செய்வதுதான் கடினம். 'ன்' என்று சொல்லிப் பாருங்கள். நாக்கின் நுனி மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால் போய் ஒட்டிக்கொள்கிறது, கடவாய்ப் பற்கள் விலகியிருக்கின்றன. அந்த நிலையிலேயே உதட்டை மட்டும் மூடிக்கொள்ளுங்கள். தாடைக்கு ஓய்வு நிலை அதுதான். நான் கணினித் திரையின் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டை ஒட்டிவைத்து, கண்ணில் படும்போதெல்லாம் 'ன்' சொல்லிக்கொண்டேன். மூன்றாவது வாரத்தில் வலி பாதியாகியிருந்தது. நாக்கு அதே இடத்தில் இருக்க, அது விடுபடாத அளவுக்கு மட்டும் வாயைத் திறந்து மூடுவது ஒரு பயிற்சி. ஒரு தடவைக்கு ஆறு முறை, ஒரு நாளைக்கு ஆறு தடவை. கொட்டாவி வரும்போது முகவாய்க்கு அடியில் கை முஷ்டியைக் கொடுத்துத் தாங்குங்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைத் தசையின்மேல் 15, 20 நிமிடம் வைக்கலாம். புதிதாக அடிபட்ட வலியானால் முதல் இரண்டு நாள் ஐஸ் நல்லது. கன்னம் வீங்கிச் சிவந்து, சீழ் பிடித்த சந்தேகம் இருந்தால் சூடு வைக்காதீர்கள். இரண்டு வாரம் மென்மையான உணவு, சூயிங்கம் கிடையாது, தொலைபேசியைத் தோளுக்கும் தாடைக்கும் நடுவே இடுக்கிக்கொள்வது கிடையாது, கவிழ்ந்து படுப்பது கிடையாது. அக்கறையோடு இவ்வளவு செய்தாலே அதிகம் பேருக்குச் சில வாரங்களில் குறைந்துவிடுகிறது.

சுரப்பி, சைனஸ் என்று சில

சாப்பாட்டு நேரத்தில் மட்டும், சில சமயம் புளிப்பை நினைத்தாலே, தாடைக்கு அடியில் ஒரு பக்கம் வீங்கி வலித்து, ஒரு மணி நேரத்தில் வடிந்துவிட்டால் உமிழ்நீர்க் குழாயில் கல் அடைத்திருக்கலாம். இந்தக் கற்களில் ஐந்தில் நான்கு பங்கு கீழ்த்தாடைச் சுரப்பியில்தான் வருகின்றன. அதன் உமிழ்நீர் கெட்டியானது, குழாயும் மேல்நோக்கிப் போகிறது. காதுக்கு முன்னும் கீழும் வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் பொன்னுக்கு வீங்கி. அது முதலில் ஒரு பக்கம் மட்டும் தலைகாட்டுவதுண்டு. மேல் கடவாய்ப் பற்கள் வரிசையாக வலித்து, குனிந்தால் கூடினால், மூக்கும் அடைத்திருந்தால் கன்ன சைனஸ். ஒரு பக்கத்தில் மட்டும் எரிச்சல் வந்து இரண்டு மூன்று நாளில் கொப்புளம் போட்டால் அக்கி. எலும்பு அடர்த்தி குறையும் நோய்க்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள், குறிப்பாகப் பல் பிடுங்கிய பிறகு வலி தீராமல் எலும்பு வெளியே தெரிந்தால், அந்த மருந்தின் பெயரைப் பல் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மின்னல் வலி

என் பெரியம்மா ஒரு கட்டத்தில் வலது கன்னத்தை மட்டும் கழுவுவதை விட்டுவிட்டார். "காத்துப் பட்டாலே மின்னல் அடிக்குதுடா" என்பார். பேசிக்கொண்டே இருப்பவர், நடு வார்த்தையில் அப்படியே உறைந்து நிற்பார். சில நொடிதான். பிறகு அடுத்த மின்னலுக்குப் பயந்து வார்த்தையை முடிக்காமலே விட்டுவிடுவார். கடவாய்ப் பல் என்று சொல்லி ஒன்றைப் பிடுங்கினார்கள். போகவில்லை. பக்கத்துப் பல்லையும் பிடுங்கினார்கள். இரண்டும் நல்ல பற்கள்.

முக்கிளை நரம்பு வலியின் அச்சு அசல் வடிவம் இது. நொடிக்கும் குறைவான நேரத்திலிருந்து இரண்டு நிமிடம் வரை நீடிக்கும் மின்னதிர்ச்சி. தொடுவது, பல் துலக்குவது, மெல்லுவது, காற்று என வலியே இல்லாத சின்னத் தூண்டுதல்கள் அதைக் கிளப்பும். நடுநடுவே வலியே இல்லாத இடைவெளி. ஆண்டுக்கு லட்சம் பேரில் 4 முதல் 13 பேருக்குப் புதிதாக வருகிறது, 50 வயதுக்கு மேல் அதிகம், பெண்களுக்கு அதிகம், வலது பக்கத்தில் அதிகம். பெரும்பாலும் மூளைத்தண்டுக்கு அருகே ஒரு ரத்தக்குழாய் நரம்பின் வேரை உரசி அதன் உறையை அரித்துவிடுகிறது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பது கட்டி, நரம்புறை நோய் போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று உறுதிப்படுத்தவும்தான்.

சாதாரண வலி மாத்திரை இதில் பயனற்றது. முதல் மருந்து கார்பமசெபின், வலிப்பு நோய்க்குத் தரும் மாத்திரை. பலருக்குச் சில நாட்களிலேயே கேட்கிறது, அப்படிக் கேட்பதே நோயை உறுதிசெய்யும் துப்பாகவும் ஆகிறது. தூக்கக் கலக்கமும் ரத்தத்தில் சோடியம் குறைவதும் இதன் பக்க விளைவுகள். ஆசிய மரபினர் சிலரிடம் உள்ள ஒரு மரபணு வகையோடு சேர்ந்தால் தோலையே உரிக்கும் கடும் ஒவ்வாமை வரலாம் என்பதால், அந்த மரபினருக்கு மருந்து தொடங்கும் முன் மரபணுப் பரிசோதனை செய்யும்படி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2007-இல் அறிவுறுத்தியது. மருந்து தொடங்கிய பிறகு தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருந்து கேட்காதவர்களுக்கு, உரசும் ரத்தக்குழாயை நரம்பிலிருந்து விலக்கி நடுவே சிறு மெத்தை வைக்கும் அறுவை உண்டு. பெரியம்மாவுக்கு மாத்திரையே போதுமானது. நான்காம் நாள் முகம் கழுவிவிட்டுத் துண்டால் துடைத்துக்கொண்டே வந்து நின்றார்.

வலி மாத்திரையும் ஒரு தாளும்

மருத்துவரைப் பார்க்கும் வரை பாரசிட்டமால் போடலாம். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம் என்பதே உச்சவரம்பு, ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் மெலிந்தவர்களுக்கும் அதைவிடக் குறைவு. சளி மாத்திரைகளிலும் பாரசிட்டமால் இருக்கும் என்பதை மறந்துவிட்டுப் பல் வலிக்காக மேலும் மேலும் விழுங்கி ஈரலைக் கெடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். ஐபுப்ரோஃபென் வீக்கத்தோடு வரும் வலிக்கு நன்றாகக் கேட்கும். வயிற்றுப்புண், சிறுநீரக நோய், இதய நோய் உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்து ஈறில் வைக்கவே வைக்காதீர்கள், சதை வெந்துவிடும்.

அவசரமானது எதுவும் இல்லை என்றால், மருத்துவரிடம் போவதற்கு முன் ஒரு வாரம் ஒரு தாளில் குறித்துவாருங்கள். எந்த நேரம் வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எது கூட்டியது, எது குறைத்தது, அன்றைக்கு எத்தனை விரல் நுழைந்தது. என் தாளில் ஏழு நாளில் ஆறு நாள் மாலை நான்கு மணிக்கு மேல்தான் எழுத்து இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கட்டம் வெறுமையாக இருந்தது. மருத்துவர் தாளை ஒரு தடவை பார்த்துவிட்டு, நான் என்ன வேலை செய்கிறேன் என்றுதான் கேட்டார்.